பழத்தட்டின் நடுவில் என்ன வைப்பது

1

இந்தக் கதை எனக்கு ஒரு கட்டை விரலிலிருந்து கிடைத்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

போன மே மாதம் ஒருநாள், எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளியிருக்கும் அனெத் டீச்சரைப் பார்க்கப் போயிருந்தேன். என் நண்பர் ஒருவருக்குப் பிரெஞ்சில் ஒரு கடிதம் வந்திருந்தது. அதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். காரைக்காலில் முப்பத்திரண்டு வருடம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர். தாத்தா காலத்திலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். கடிதத்தை வாங்கிய கையில், கட்டை விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டேன். தர்பூசணி என்றார்.

அத்தோடு விட்டிருந்தால் நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பேன். ஆனால் அவர் கைபேசியில் ஒரு படத்தைத் தேடி எடுத்துக் காட்டினார். பெரிய வெள்ளைப் பீங்கான் தட்டு. ஓரமெல்லாம் விசிறி விசிறியாக மாம்பழம், இடையிடையே கறுப்புத் திராட்சை, பப்பாளி, அன்னாசி, மேலே தூவிய மாதுளை முத்து. பத்திரிகையில் போடலாம் போல இருந்தது. நடுவில் மட்டும் ஒரு சாதாரண எவர்சில்வர் கிண்ணம்.

கிண்ணம் எதற்கு என்று கேட்டேன். ஒன்றரை மணி நேரம் சொன்னார். எழுதட்டுமா என்று கேட்டபோது, எழுதலாம், எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும் என்றார். அப்படிப் படித்துக் காட்டியதால் இந்தக் கதை ஏழு முறை எழுதப்பட்டது.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். ‘அனெத்’ அவரே தேர்ந்தெடுத்தது. நான் வைத்த பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை.)

2

முதல் வரைவின் முதல் வரி:

“கத்திரி வெயிலில் காரைக்கால் உருகிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை—”

அது ஏப்ரல் கடைசி வாரம், கத்திரி பிறக்க இன்னும் எட்டு நாள் இருந்தது என்றார் டீச்சர். வாக்கியத்தை எடுத்துவிட்டேன்.

இரண்டாவது வரைவு:

“இந்த ஊரில் மாம்பழம் என்று சொன்னாலே—”

சொன்னாலே எல்லோருக்கும் மாங்கனித் திருவிழா ஞாபகம் வந்துவிடும். மாடியிலிருந்து மாங்கனி இறைப்பதும், கீழே ஆட்கள் முந்தானையை விரித்துப் பிடிப்பதும். அந்தப் பழம் இந்தக் கதைக்குள் வந்தால் வேறு எந்தப் பழத்தையும் இருக்கவிடாது. அதையும் எடுத்துவிட்டேன்.

மூன்றாவதில், திருநள்ளாறு சாலையில் பழக்கூடை வைத்திருக்கும் சின்னப்பிள்ளை என்றொரு பெண்மணியை உருவாக்கினேன். நல்ல வாய், நல்ல வசனம். டீச்சர் கேட்டுவிட்டு, தான் பழம் வாங்கியது தள்ளுவண்டியில் என்றும், அந்த ஆள் காதில் ஏதோ மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டதால் ஒரு வார்த்தை பேசவில்லை என்றும் சொன்னார். ஆகவே சின்னப்பிள்ளைக்கு இந்தப் பத்தியோடு வேலை முடிந்தது. எனக்கு அதில் வருத்தம்தான்.

நான்காவது, அலுத்துப்போய் எழுதியது:

“கோடை விருந்துக்கு அழகான பழத்தட்டு செய்வது எப்படி? முதலில் பழங்களைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொள்ளவும்.”

இதைக் கேட்டதும் டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இதான் சரி. துடைக்காமப் போனதுதானே எல்லாத்துக்கும் காரணம்” என்றார்.

அங்கிருந்து தொடங்குகிறேன்.

3

அனெத்துக்கு ஒரே அண்ணன், சார்ல். அவரைவிட ஏழு வயது மூத்தவர். பத்தொன்பது வயதில் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்தார். அங்கிருந்த இருபத்திரண்டு வருடமும் துப்பாக்கியைவிடக் கரண்டியைத்தான் அதிகம் பிடித்தார். அங்கே அவர் சமையல்காரர். அதற்குப் பிறகு பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். வந்த முதல் ஞாயிறு மதியம் சொந்தபந்தம் இருபது இருபத்தைந்து பேர் அனெத் வீட்டில் சாப்பிடுவார்கள். பிரியாணியை யார் வேண்டுமானாலும் செய்யலாம். கடைசியில் வரும் பழத்தட்டு மட்டும் சார்ல் கையால்தான் வரும்.

அவர் பழத்தில் மயில் செய்கிறவர் இல்லை. வெட்டுவார், அடுக்குவார், அவ்வளவுதான். ஆனால் தட்டு மேஜைக்கு வந்ததும் பேச்சு ஒரு நிமிஷம் நின்றுபோகும். அந்த ஒரு நிமிஷத்தைப் பார்க்க அவர் சமையலறை வாசலிலேயே கையைத் துடைத்தபடி நிற்பார்.

இரண்டு வருடத்துக்கு முன் சார்லுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் தளர்ந்தன. அந்த வருடம் வர வேண்டியவர் வரவில்லை, அடுத்த வருடமும் வர முடியவில்லை. இந்த ஏப்ரலில் மகள் லொரேன் அவரை அழைத்து வருவதாகச் சொன்னதும் அனெத்துக்குச் சந்தோஷத்தோடு ஒரு கவலையும் சேர்ந்து வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை கடைசியில் மேஜைக்கு என்ன வரும்? ஐஸ்கிரீம் வைத்தால் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். தட்டு வர வேண்டும், யார் கையாலாவது வர வேண்டும் என்று அனெத் முடிவு செய்தார்.

மூன்று வாரம் பழகினார். கைபேசியில் வீடியோ பார்த்து, ஆப்பிளில் அன்னம் வெட்டினார். எலுமிச்சைச் சாறு தடவ மறந்ததால் அன்னம் அரை மணியில் கறுத்தது. தர்பூசணியில் தாமரை வெட்டினார். முதல் தாமரை முட்டைக்கோஸ் மாதிரி இருந்ததாக அவரே சொன்னார். தோற்றதெல்லாம் அக்கம்பக்கத்துக்குப் போனது. எங்கள் வீட்டுக்கும் ஒருநாள் மூக்கில்லாத அன்னம் ஒன்று வந்தது. ஏன் என்று கேட்காமலே தின்றுவிட்டோம்.

4

இங்கே நிறுத்தி ஒரு தப்பைச் சொல்ல வேண்டும்.

லொரேனை நான் முதலில் மோசமாக எழுதியிருந்தேன். கதைக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஆள் வேண்டும் என்ற பழைய பழக்கம். பிரான்ஸிலிருந்து வரும் மகள், கையில் ஒரு பட்டியல்: அப்பாவுக்கு இது கூடாது, அது கூடாது, விருந்தாளிகளோடு உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, அறையில் தனியாகத்தான். ஐந்தாவது வரைவு வரை அவள் தலையில் ஒரு கறுப்புக் கண்ணாடிகூட இருந்தது.

அந்தப் பகுதியைப் படித்தபோது டீச்சர் என்னை நிறுத்தினார்.

“தனியா சாப்பிடறேன்னு சொன்னது அவ இல்ல தம்பி. எங்கண்ணன்.”

பக்கவாதத்துக்குப் பிறகு சார்லுக்கு விழுங்குவது சிரமம். எதையும் மசித்து, சலித்துத்தான் கொடுக்க வேண்டும். தண்ணீரில்கூட ஒரு பொடியைக் கலந்து கெட்டியாக்க வேண்டும். இல்லாவிட்டால் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்விடும். போன குளிர்காலத்தில் அப்படிப் போய்த்தான் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பதினோரு நாளும் லொரேன் கட்டில் பக்கத்து நாற்காலியை விட்டு நகரவில்லை. பட்டியல் அங்கே உண்டானது. அறைக்குள் சாப்பிடுவது சார்லின் முடிவு. ஆயிரம் பேருக்குப் பரிமாறிய மனிதர், கழுத்தில் துணி கட்டிக்கொண்டு, இருமி இருமிச் சாப்பிடுவதைச் சொந்தக்காரர்கள் பார்க்க வேண்டாம் என்று நினைத்தார். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அனெத் கேட்டபோது அறைக்கதவைக் காட்டினார். பிறகு கதவைச் சாத்துவது போல இடது கையை ஒரு தடவை அசைத்தார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

கண்ணாடியை எடுத்துவிட்டேன். இன்னொன்றையும் சேர்க்கிறேன். இது இல்லாமல் அடுத்தது புரியாது.

சார்லுக்குப் பேச்சும் போயிருந்தது. கொஞ்சம் திரும்பி வந்தபோது, ஐம்பது வருடம் பேசிய பிரெஞ்சு வராமல் தமிழ் வந்தது. லொரேன் அங்கேயே பிறந்தவள். வா, போ, சாப்பிடு, போதும், இவ்வளவுதான் அவள் தமிழ். அப்பா சொல்வதைக் கைபேசியில் பதிவு செய்து அத்தைக்கு அனுப்புவாள். அனெத் கேட்டுப் பிரெஞ்சில் எழுதுவார். அதிலும் ஒரு சிக்கல். சார்லின் வார்த்தைகள் இடம் மாறி வந்தன. ஒரு தடவை இரண்டு நாள் விடாமல் “ஜன்னல், ஜன்னல்” என்றார். அனெத் அப்படியே மொழிபெயர்த்தார். அங்கே ஜன்னலைத் திறந்தார்கள், மூடினார்கள், திரையை மாற்றினார்கள். கடைசியில் அவர் கேட்டது மூக்குக்கண்ணாடி.

(இந்த நோயைப் பற்றி இரண்டு பக்கம் படித்து எழுதியிருந்தேன். எனக்கே கொட்டாவி வந்தது.)

இரண்டு வருடத்தில் அவர் மகளின் பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அவளைக் கூப்பிட நினைக்கும்போதெல்லாம் “அனெத்” என்று வரும். லொரேன் அதற்காக அழுததாக எழுதினேன். டீச்சர் அந்த வரியை அடித்துவிடச் சொன்னார். அவள் அழுதாளா என்று தனக்குத் தெரியாது என்றார். ஒரு பதிவின் கடைசியில் மட்டும், நம் இருவரில் ஒருவர் பெயராவது ஞாபகம் இருக்கிறதே தாந்த், என்று சொன்னாளாம். தாந்த் என்றால் அத்தை.

5

ஞாயிறு காலை ஆறு மணிக்கே அனெத் வெட்டத் தொடங்கிவிட்டார். விருந்தாளிகள் வருவது பன்னிரண்டரைக்கு. அவ்வளவு பெரிய தட்டு ஃபிரிட்ஜில் நுழையாது என்பதால் சாப்பாட்டு மேஜையிலேயே, மின்விசிறிக்குக் கீழே வைத்தார். நடுவில் தாமரை, பழகிப் பழகி இப்போது தாமரை போலவே வந்துவிட்ட தர்பூசணித் தாமரை. சுற்றி மற்ற பழங்கள். எட்டு மணிக்கு ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு, பிரியாணி வேலையைப் பார்க்கப் போனார்.

பத்து மணிக்குத் துணியைத் தூக்கினார். தர்பூசணி தண்ணீர் விட்டிருந்தது. தட்டே குளமாகி, திராட்சை மிதந்தது. அன்னாசி ஒரு பக்கம் சரிந்து, அதன்மேல் பப்பாளி சாய்ந்து கிடந்தது. தாமரை மட்டும் நடுவில், ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து சார்ல் அறையிலிருந்து வந்தார். இடது கையில் ஊன்றுகோல், பின்னால் லொரேன். மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். தட்டைப் பார்த்தார். ஊன்றுகோலை நாற்காலியில் சாய்த்துவிட்டு, தாமரையின் ஓர் இதழைப் பிய்த்து, பக்கத்திலிருந்த பேசினில் போட்டார். அப்புறம் இரண்டாவது, மூன்றாவது.

“விடுண்ணே” என்றார் அனெத்.

அவர் விடவில்லை.

“விடுண்ணேன்னா. மூணு வாரமா பழகியிருக்கேன்.”

அனெத்துக்குக் கோபம் வந்தது. அதைவிட வெட்கம் வந்தது. யாருக்காக இதைச் செய்தாரோ அவர் கையாலேயே அது குப்பைக்குப் போகிறது. சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று தோன்றியதாகச் சொன்னார். அப்போது சார்ல் தலையைத் தூக்கி, கொஞ்சம் முயன்று, ஒரு வார்த்தை சொன்னார்.

“குடை.”

லொரேன் அத்தையைப் பார்த்தாள். அனெத் அண்ணனைப் பார்த்தார். குடையா? சார்ல் மேஜையோரம் கிடந்த துண்டைத் தோளால் காட்டினார். குடை என்றால் மழை, நனைவது, துடைப்பது. ஒரு நொடியில் அனெத்துக்குப் புரிந்தது. எல்லாவற்றையும் ஈரம் போகத் துடைக்க வேண்டும் என்று லொரேனிடம் பிரெஞ்சில் சொன்னார்.

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். தட்டைக் காலி செய்து, கழுவித் துடைத்து, மறுபடி தொடங்கினார்கள். கெட்டுப்போனதற்குப் பதிலாகப் புதுப் பழம் வெட்ட அனெத் கத்தியை எடுத்தார். ஆனால் கண் கத்தியில் இல்லை. அண்ணன் இடது கையால் என்ன செய்கிறார் என்பதிலேயே இருந்தது. மீதியிருந்த தர்பூசணி நழுவி, கட்டை விரல் வெட்டுப்பட்டது. ஆழமில்லை, ஆனால் பழத்தைத் தொடுகிற கை இனி அது இல்லை. லொரேன் பிளாஸ்திரி ஒட்டிவிட்டு, எதுவும் கேட்காமல் கத்தியைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு வேலை இப்படி நடந்தது: சார்ல் ஒரு வார்த்தை சொல்வார், அனெத் அது என்ன பழம் என்று கண்டுபிடிப்பார், லொரேன் வெட்டுவாள். திராட்சை “பொத்தான்” ஆனது. அன்னாசி “மீசை.” மாதுளை “மூக்குத்தி.” மாம்பழம் மட்டும் மாம்பழமாகவே வந்தது. அதையும் மாற்றி எழுதிப் பார்த்தேன், டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. லொரேன் வெட்டிக்கொண்டே “பொத்தான், பொத்தான்” என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். தமிழில் திராட்சைக்குப் பொத்தான் என்றுதான் பெயர் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பாள். அனெத் திருத்தவில்லை.

மாம்பழத்தின் கதுப்பை மெல்லிய துண்டுகளாக அறுத்து, உள்ளங்கையால் லேசாக ஒரு தள்ளுத் தள்ளினால் விசிறியாக விரியும். சார்லின் இடது கைக்கு அந்தப் பழக்கமில்லை. முதல் விசிறி குலைந்தது. லொரேன் தன் கையை வைத்தாள். அவர் அவள் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினார். விரிந்தது. அப்படிப் பதினாறு விசிறி.

மஞ்சள் பக்கத்தில் மஞ்சள் வைக்கவிடவில்லை. பப்பாளிக்கும் மாம்பழத்துக்கும் இடையில் திராட்சை வந்தாக வேண்டும். தண்ணீர் விடுகிற தர்பூசணியும் முலாம்பழமும் தனிப் பாத்திரத்துக்குப் போயின. பதினொன்றரைக்குத் தட்டு நிறைந்துவிட்டது, நடுவைத் தவிர.

6

“நடுவுல என்ன வைக்கட்டும்ணே?” என்று கேட்டார் அனெத்.

சார்ல் யோசித்தார். உதடு இரண்டு தடவை அசைந்தது. பிறகு தெளிவாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“லொரேன்.”

கத்தி நின்றது. அனெத் அதைப் பிரெஞ்சில் சொல்லவில்லை.

இந்த இடத்தை நான் நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மகள் அப்பாவைக் கட்டிக்கொள்கிறாள். ஒன்றில் கத்தி கையிலிருந்து விழுகிறது. இன்னொன்றில் வெளியே ஒரு குயில்— அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

ஏழாவது தடவை படித்துக் காட்டியபோது, என்னதான் நடந்தது டீச்சர் என்று நேராகவே கேட்டேன். அவர் அவளைக் கூப்பிட்டாரா? நடுவில் வைக்க வேண்டியது அவள்தான் என்றாரா? இல்லை, ஏதோ ஒரு பழத்துக்கு அந்த வார்த்தை வந்துவிட்டதா?

அனெத் டீச்சர் பொய் சொல்லத் தெரியாதவர்.

“தெரியல தம்பி. அவரு அப்ப முலாம்பழத்தப் பாத்துக்கிட்டுதான் இருந்தாரு.”

லொரேனும் அதைப் பார்த்திருப்பாள். ஆனால் அவள் முலாம்பழத்தை எடுக்கவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனாள். அப்பாவுக்காகக் காலையிலேயே மசித்து, சலித்து வைத்திருந்த மாம்பழக் கூழ் எவர்சில்வர் கிண்ணத்தில் இருந்தது. கிண்ணத்தின் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்து, கொண்டுவந்து தட்டின் நடுவில் வைத்தாள்.

சார்ல் பார்த்தார். விரலால் கிண்ணத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி, சரியாக நடுவுக்குக் கொண்டுவந்தார். அனெத் படம் எடுத்தது அப்போதுதான்.

7

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் இரண்டு முடிவுகள் தயாராக இருந்தன.

ஒன்று: சார்ல் மனம் மாறி, சொந்தங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, தட்டின் நடுவிலிருந்து அந்தக் கிண்ணத்தை எடுத்துச் சாப்பிடுகிறார். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டு: கதவு மூடியே இருக்கிறது. உள்ளே இருமல் சத்தம். வெளியே சிரிப்புச் சத்தம்.

நடந்தது இரண்டும் இல்லை. ஒரு மணிக்கு இருபத்திரண்டு பேர் உட்கார்ந்தார்கள். பிரியாணி முடிந்து தட்டு வருவதற்கு முன்னால் லொரேன் அறை வாசலில் போய் நின்றாள். அத்தையிடம் கேட்டுக்கொள்ளாமல், தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்.

“அப்பா, வா. சாப்பிடு.”

சார்ல் அவளைப் பார்த்தார். மேஜைப் பக்கம் ஒருதரம் பார்த்தார்.

“நாளைக்கு” என்றார்.

தட்டு மேஜைக்கு வந்தது. பேச்சு நின்றது. ஒரு நிமிஷம் முழுதாக நின்றதா என்று அனெத் கணக்குப் பார்க்கவில்லை, ஆனால் நின்றது. பிறகு லொரேன் எல்லோர் முன்னாலும் நடுவிலிருந்து கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை. அனெத்தின் கணவர் வழி உறவான சிங்காரவேலன், இது யார் கைவேலை என்று கேட்டார். அண்ணன் செய்தது என்றார் அனெத். கொஞ்சம் பொறுத்து, அண்ணனும் லொரேனும் என்றார். பத்து நிமிஷத்தில் தட்டு காலி. ஐஸ்கிரீம் இல்லையா என்று ஒருவர் கேட்கத்தான் செய்தார். கிண்ணமும் காலியாகத்தான் திரும்பி வந்தது. இருமல் கேட்கவில்லை.

மிச்சம் இருப்பது அந்த ‘நாளைக்கு.’ சார்லுக்கு நாளும் கிழமையும்கூட இடம் மாறித்தான் வரும். நேற்று என்றால் சாயங்காலமாக இருக்கும், நாளைக்கு என்றால் வேண்டாம் என்பதாக இருக்கும். அனெத் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். லொரேன் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள், திங்கட்கிழமை மதியம், யாரும் சொல்லாமல் மேஜையில் மூன்று தட்டு வைத்தாள். ஒரு கிண்ணம், ஒரு கரண்டி, கெட்டியாக்கிய தண்ணீர் ஒரு தம்ளர். விருந்தாளி யாரும் இல்லை. அறைக்கதவு திறந்திருந்தது.

இங்கே டீச்சர் மூச்சு விட்டு, அடுத்ததைச் சொல்ல வாயெடுத்தார். நான்தான் வேண்டாம் என்றேன். வந்தார் என்று தெரிந்தால் அதை ஒரு வெற்றியாக எழுதிவிடுவேன். வரவில்லை என்றால் ஒரு சோகமாக எழுதிவிடுவேன். இரண்டையும் எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. சார்லுக்கு இரண்டும் பொருந்தாது.

ஆகவே அந்த மதியத்தை உங்களிடம் விடுகிறேன். அறை வாசலிலிருந்து மேஜைக்குப் பதினோரு அடி. அவரை வரவழைப்பதும் அங்கேயே இருக்கவிடுவதும் உங்கள் இஷ்டம். வரவழைப்பதாக இருந்தால் ஒன்று மட்டும்: முதலில் ஊன்றுகோலை வைப்பார், அப்புறம் வலது காலை இழுத்து வைப்பார், அப்புறம் இடது கால். நேரமாகும். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுவிட்டு, நீங்கள் உங்கள் சோற்றைப் பிசையத் தொடங்குங்கள்.